தொண்டைக்குள் முளைத்த சாமி

இத்தனை எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வான் என்று குற்றாலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த எவர்சில்வர் தட்டு நிரம்பி, இரண்டு பழம் உருண்டு போய் டேபிள் ஃபேனுக்கு அடியில் கிடந்தன. ஊறுகாய் போட்டாயிற்று, சாதம் கிளறியாயிற்று, பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் பை பையாகக் கொடுத்தாயிற்று. அவர்களோ பிரசாதம் என்று கண்ணில் ஒற்றி வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து அழுகவிடுகிறார்கள். இத்தனைக்கும் அவர் எலுமிச்சையைத் தொடுவதே இல்லை. புளிப்பு தொண்டையில் பட்டால் இருமல் வரும், இருமல் வந்தால் மூச்சு எங்கேயோ போய்விட்டு யோசித்துத்தான் திரும்பி வரும். அதைக்கூட இந்த ஜனங்கள் விட்டுவைக்கவில்லை. அய்யா புளிப்பு சேர்க்கமாட்டாவ, விரதம் அப்படி, என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். சேர்க்கமாட்டாவளாம். மடப்பயல்கள். ஒரு மனிதன் ஒன்பது நாள் வாயைத் திறக்காமல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், தென்காசியில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். அந்த வாயைத் திறந்தால் என்ன வரும் என்று ஒருத்தனாவது யோசிக்க வேண்டாமா? யோசிக்கமாட்டான். அந்த வேலையை இன்னொருத்தன் தலையில் கட்டத்தானே வருகிறான். மணி ஒன்பதே முக்கால். போன திங்கட்கிழமையே அவர் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்க வேண்டியவர். தேதி கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு வியாழன். மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். வந்தது. ஆனால் நேற்று வந்த அளவுக்கு வரவில்லை.

மரு. விஷயம் அவ்வளவுதான். செருப்பு கடித்த காலிலும் கிழடுகளின் கழுத்திலும் முளைக்குமே, அந்த இனத்துச் சரக்குதான் அவருடைய குரல்வளைக்குள் கொத்துக்கொத்தாக முளைக்கிறது, வெட்டினால் மறுபடி முளைக்கிறது. நோய் வருவதென்று ஆன பிறகு கொஞ்சம் கௌரவமான நோயாக வரக்கூடாதா? புற்றுநோய் என்றால் எதிரிகூடக் குரலைத் தாழ்த்துவான். மாரடைப்பு என்றால் ஆபீஸே திரண்டு வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போகும். மரு என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, குதிரைமுடி வைத்துக் கட்டினா விழுந்துருமே என்பான். தொண்டைக்குள் யார் போய்க் குதிரைமுடி கட்டுவது, உன் அப்பனா? மதுரை டாக்டர் ஒரு சின்னப் பையன், மீசை இப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. மூக்கு வழியாகக் குழாயை விட்டு, டி.வி. பெட்டியை இவர் பக்கம் திருப்பி, "பாருங்க சார், காலிஃபிளவர் மாதிரியே இருக்கு பாருங்க" என்று தன் தோட்டத்தில் விளைந்ததைக் காட்டுகிறவன் போலக் காட்டினான். அன்றையிலிருந்து வீட்டில் காலிஃபிளவர் வாங்குவதில்லை. ஹெச்.பி.வி. என்று ஒரு வைரஸாம். லேசர் வைத்துச் சுட்டு எடுப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மருவைத்தானாம், வைரஸ் பாட்டுக்குச் சதைக்குள் உட்கார்ந்திருக்குமாம், அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்க வேண்டியதுதானாம். எங்கிருந்து வந்தது என்று இவர் கேட்டார். சின்ன வயதிலிருந்து இருக்கிறதென்றால் பெரும்பாலும் பிறக்கும்போது அம்மாவிடமிருந்துதான் சார் வந்திருக்கும் என்றான், ஏதோ மூக்கு அம்மா ஜாடை என்று சொல்கிற மாதிரி. அம்மாவிடமிருந்து. அவள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் உடம்பில் வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது என்றும் சொன்னான், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் தேவலை. தெரியாமல்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாளா? ஒரு டாக்டர் இளைப்பு என்றான், ஒரு வைத்தியர் கபம் என்றார். வசம்பை உரைத்து நாக்கில் தடவினாள். தெருவில் கழுதையோடு வருகிறவனிடம் சங்கு சங்காகப் பால் வாங்கிப் புகட்டினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த வெதுவெதுப்பும் உரோம வாடையும் இப்போதும் நாக்கின் அடியில் இருக்கிறது. எங்கேருந்துதான் வந்து தொலைஞ்சுதோ இந்தச் சனியன் என்று தலையில் அடித்துக்கொள்வாள். உன்கிட்டேருந்துதாம்மா. இதைச் சொல்ல அவள் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி, ஒரு ஆத்திரம், இரண்டில் எது பெரிது என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து யோசித்திருக்கிறார், ஒரு முடிவும் கிடைத்ததில்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் நாலைந்து தடவை வெட்டினார்கள், பதினாலு வயதில் அதுவாகவே அடங்கிப் போயிற்று. குரல் மட்டும் கரகரப்பாக நின்றுவிட்டது. போயே போய்விட்டது என்று நம்பி வேலைக்குப் போனார், கல்யாணம் பண்ணினார், ஒரு பெண்ணைப் பெற்றார். முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்முனையில் இருந்தவன் "ஹலோ, கேக்கலை, கேக்கலை" என்றான். வந்துவிட்டது.

இதில் சாமி எங்கிருந்து வந்தது என்றால், சண்முகவடிவிடமிருந்து வந்தது. கட்டின மனைவி. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் பேசக்கூடாது என்று அனுப்பியிருந்தார்கள், வீட்டில் அந்தச் சமயம் மகள் காந்திமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்குத் தொண்டையில் ஓயாத சீக்கு என்று தெரிந்தால் எவன் வருவான்? எதிர்வீட்டுக்காரி "அண்ணாச்சி ஏன் பேசவே மாட்டேங்காவ?" என்று கேட்டதும், "அவுக மௌனவிரதம்லா இருக்காவ" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். கல்யாணம் நடந்தது. காந்திமதி பூனாவில் இருக்கிறாள். பொய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. நாலு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் மௌனம், அதற்கு முன்னால் இரண்டு நாள் யாத்திரை. மதுரைக்குத்தானே போகிறார், மீனாட்சியைப் பார்க்க இல்லாமல் வேறு எதற்குப் போவார்? இது இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, சிவசைலம் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார். குற்றாலிங்கம் இருந்த தாலுகா ஆபீஸில் அதிகாரியாக இருந்தவர். எல்லார் முன்னாலும், "ஓய், தகர டப்பாவை ரோட்டுல இழுத்த மாதிரில்லா இருக்கு உம்ம குரல், பொதுஜனம் பயந்துரும்வே" என்று சொல்லி இவரைப் பதிவறைக்குள் தள்ளியவர். பத்து வருஷம் பழைய ஃபைல்களோடும் பல்லிகளோடும் அங்கே கிடந்துவிட்டு இவர் விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்தார். அந்தச் சிவசைலம் ஒரு மௌனத்தின்போது வந்து, குடும்பத்தோடு வேன் பிடித்துத் திருச்செந்தூர் போகலாமா என்று சும்மா கேட்டு வைத்தார். குற்றாலிங்கத்தின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. தலையை ஆட்டினார். சிவசைலம் போகவில்லை, அந்த வேனில் வேறு ஆட்கள் போனார்கள், வேன் கவிழ்ந்தது, போனவர்களில் நாலு பேருக்குக் கை ஒடிந்தது. முடிந்தது கதை. மறுநாள் சாயங்காலம் தாசில்தார் வேட்டியை மடித்து உட்கார்ந்து இவர் காலைத் தொட்டார். ஒரு ஈக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்.

அந்த வழுக்கை. அதுதான், அதைப் பற்றித்தான் நினைக்கக் கூடாது என்று மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார். கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தூரத்தில் சிவசைலத்தின் வழுக்கை குனிந்து பளபளத்தபோது, குற்றாலிங்கத்துக்கு அடிவயிற்றில் ஒரு சுகம் எழுந்தது. அப்படி ஒரு சுகத்தை அவர் முதலிரவில்கூடக் கண்டதில்லை, வெட்கம்கெட்ட உண்மை. இந்தத் தடவை ஆபரேஷன் இல்லை. திங்கட்கிழமை போகவேண்டியவர், அன்றைக்கு முன்னாள் சேர்மன் வரப்போகிறார் என்று சிவசைலம் சொன்னதும், போகவில்லை. அதற்கு முன்பே மௌனத்தில் உட்கார்ந்துவிட்டார், ஜனங்கள் கணக்காக எதிர்பார்க்கிறார்களே என்று. இதுவரை பொய் சொன்னவள் சண்முகவடிவு. இந்தத் தடவை பொய் சொல்வது அவரேதான், வாயைத் திறக்காமலே. அவர்கள் மடையர்கள் என்றால் நீ யார்? மடையர்களுக்குச் சாமி. அதைவிடக் கேவலமாக ஒன்று இருக்கிறதா? இந்த மாதம் தாண்டினால் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்கும்படி ஆகிவிடும் சார் என்று அந்தச் சின்னப் பையன் சிரிக்காமல் சொல்லியிருந்தான், அவன் சிரிக்காததுதான் பயமாக இருந்தது. நாலு நாளாகப் படுக்க முடியவில்லை, நாற்காலியில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம், அதையும் யோக நிஷ்டை என்கிறார்கள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு கூவல் கேட்கிறது, மெல்லிசாக. வெளியே தெரியக் கூடாதென்று, அந்தப் பழைய டேபிள் ஃபேனைக் காலடியிலேயே கடகடவென்று ஓடவிட்டிருந்தார். சண்முகவடிவு காலையில் காப்பி வைக்கும்போது, "இன்னைக்காவது கெளம்புங்க. பைய எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். நாளை பத்தாம் நாள், பூர்த்தி, நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று சிவசைலம் ஏற்பாடு செய்திருந்தார். நாளை முடியட்டும் என்று விரலைக் காட்டினார். அவள் தம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. பொய்யை ஆரம்பித்தவளுக்கு இப்போது என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது?

ஒருத்தன் வந்து வீடு மாறலாமா என்று கேட்டான். ஒரு அம்மாள் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் சொல்லி அழுதாள். அழுகையில் பாதி நடிப்பு, மீதி மருமகள் படுகிற பாடு. இவர் கண்ணை மூடிக்கொண்டார். "அய்யா பொறுமையா இருக்கச் சொல்லுதாவ" என்று பக்கத்து ஸ்டூலில் இருந்து சிவசைலம் விளக்கம் சொன்னார். அய்யா எதுவும் சொல்லவில்லை, அய்யா அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தாராக இருந்தபோதும் இந்த மனிதர் இப்படித்தான், எழுதாத மனுவுக்கும் பதில் போடுவார். பிறகு ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். விரல்நகமெல்லாம் புகையிலைக் கறை, பீடி சுற்றுகிறவள். பெயர் மாடத்தி, கடையம் பக்கத்திலிருந்து வருகிறாள், என்று சிவசைலம் அறிமுகம் செய்தார். பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும், நடக்கிற பிள்ளையை ஏன் இடுப்பில் தூக்க வேண்டும்? இன்னொரு முட்டாள் என்று குற்றாலிங்கம் கண்ணை மூடப்போனார். அப்போது கரண்ட் போயிற்று. ஃபேன் இரண்டு சுற்று சுற்றித் தளர்ந்து நின்றது. கூடம் திடீரென்று நிசப்தமாயிற்று, அந்த நிசப்தத்தில் கூவல் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்தார்கள். குற்றாலிங்கத்துக்குக் காது சுட்டது. "சத்தம் போடாதீங்க, அய்யா பிராணாயாமத்துல இருக்காவ" என்றார் சிவசைலம், ரகசியம் போல. நாசமாய்ப் போக. மூச்சை அடக்கிக்கொண்டார். அடக்கின பிறகும் கூவல் கேட்டது.

அது தன்னுடையது இல்லை என்று புரியச் சில நொடி பிடித்தது. அவர் அடக்கியபடியே இருந்தார், அது கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அந்தப் பிள்ளை. தாயின் தோளில் தலையைச் சாய்க்காமல் கழுத்தை முன்னால் நீட்டி, வாயைப் பாதி திறந்து வைத்திருந்தது. உள்ளே வாங்கும்போது கூவல், வெளியே விடும்போது ஒன்றும் இல்லை. உள்ளே, கூவல். வெளியே, ஒன்றுமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள பள்ளம் ஒரு பைசா அளவுக்கு உள்ளே போய்வந்தது. "அய்யா, இவ பேரு இசக்கி. பிள்ளைக்குத் தொண்டையே தொறக்க மாட்டேங்கு. ரெண்டு வருசமா இளைப்பு, இளைப்புன்னு மருந்து குடுக்காவ. உறிஞ்சுத மருந்தும் வாங்கிக் குடுத்தாச்சி. கழுதப்பால் குடுத்தாச்சி. அழுதாக்கூடச் சத்தம் வராது அய்யா, கண்ணுல தண்ணி மட்டும் வரும். இப்ப ஒரு வாரமா நாலு எட்டு நடந்தா நின்னுருதா" என்றாள் மாடத்தி. இளைப்பாம். இரண்டு வருஷமாக ஒரு டாக்டராவது காதை வைத்துக் கேட்கவில்லையா? விடும்போது இரைந்தால் இளைப்பு, வாங்கும்போது கூவினால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. பதிவறையில் கிடந்த எனக்குத் தெரிகிறது, சுவரெல்லாம் பட்டம் தொங்கவிட்டிருக்கிற உனக்குத் தெரியவில்லையா? குழாயை விட்டுப் பார் நாயே, குழாயை விட்டுப் பார். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதே இளைப்பு, அதே கழுதைப்பால். இவளும் அதே மாதிரி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, அதே மாதிரி போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய், கடைசியில் இங்கே வந்து நிற்கிறாள். இருக்கிறதிலேயே மோசமான இடத்துக்கு வந்து நிற்கிறாள். அந்தப் பள்ளம் உள்ளே போய் வந்தது. அடுத்த சளிக்கு இந்தப் பிள்ளை தாங்காது. சளிகூட வேண்டாம், பஸ்ஸில் போகும்போது நன்றாக ஒருமுறை அழுதால் போதும்.

உனக்கென்ன, என்றது உள்ளே ஒன்று. சிவசைலம் திருநீறு கொடுப்பார், அவள் வாங்கிக்கொண்டு போவாள், நாளைக்குச் சர்க்கரைப் பொங்கல். குற்றாலிங்கம் கண்ணை மூடினார். மூடினால் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதோடு அவருடையதும் சேர்ந்துகொண்டது, அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கண்ணைத் திறந்தார். தன் தொண்டையைத் தொட்டார், பிள்ளையின் தொண்டையைக் காட்டினார், வாசலைக் காட்டினார், கையை வேகமாக வீசினார். போ, ஆஸ்பத்திரிக்குப் போ. "தொண்டையில இருக்க தோஷம் வெளிய போயிரும்னு சொல்லுதாவ" என்றார் சிவசைலம். இல்லை என்று தலையை ஆட்டினார். "இப்ப போகாதாம், பொறுக்கணுமாம்." ஈயே தேவலை. வீட்டில் எழுதிக் காட்டுகிற சிலேட்டு கூடாது, அழிந்துவிடும், பேப்பர் வேண்டும் என்று எழுதுகிற மாதிரிக் கையைக் காட்டினார், சண்முகவடிவு காலண்டர் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து கொடுத்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர், மதுரை, குரல்வளையைக் குழாய் விட்டுப் பார்க்கவும், இது இளைப்பு அல்ல, இன்றே, என்று எழுதினார், இன்றே என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார், ஆஸ்பத்திரிப் பெயரையும் எழுதினார். அய்யா தன் கையால் எழுதிக் கொடுப்பது இதுவே முதல் தடவை என்று கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மாடத்தி இரண்டு கையாலும் வாங்கினாள். பிரிக்கப் போனாள். "பிரிக்காத, பிரிக்காத" என்று பதறினார் சிவசைலம். "படிச்சா பலிக்காது. அப்படியே சுருட்டித் தாயத்துக்குள்ள போட்டுப் பிள்ளை கழுத்துல கட்டு." அவள் உடனே அதைக் கண்ணில் ஒற்றி, பீடி சுற்றுகிற அதே லாகவத்தோடு ஒரே உருட்டில் சுருட்டி, முந்தானையில் முடிந்துகொண்டாள். முகம் மலர்ந்திருந்தது. இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் அவள் முகம் மலர்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் குற்றாலிங்கத்துக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது, சிவசைலத்தை அறைய வேண்டும் போல இருந்தது, தன்னைத்தான் முதலில் அறைய வேண்டும் என்று பட்டது. அவள் எழுந்துவிட்டாள். பிள்ளையை மறுபடி இடுப்பில் ஏற்றினாள். பேசினால் என்ன ஆகும்? எல்லாம் போகும். இந்த நாற்காலி, இந்தத் தட்டு, காலடியில் குனிகிற அந்த வழுக்கை. தகர டப்பா என்று ஒரே வார்த்தையில் அடையாளம் கண்டுவிடுவார் தாசில்தார். ஊரெல்லாம் சிரிக்கும், ஒன்பது நாள் ஏமாற்றினான் என்று பேசும், எதிர்வீட்டுக்காரி ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பாள். பேசாவிட்டால்? பிள்ளையின் கழுத்தில் தாயத்து தொங்கும், அதற்கு மேலே அந்தப் பள்ளம், உள்ளே போய், வந்து, உள்ளே போய். அவள் வாசற்படியை எட்டிவிட்டாள்.

வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "நில்லு" என்றார். மாடத்தி வாசற்படியிலேயே நின்றாள். "இளைப்பு இல்ல அது. தொண்டைக்குள்ள மரு. மரு முளைச்சிருக்கும். சீட்டைப் பிரிச்சுப் படி." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அந்தக் கூவல் வந்தது, அவர் மறைக்கவில்லை. "அய்யா, விரதம்..." என்று சிவசைலம் எழுந்தார், முகம் வெளுத்திருந்தது. "விரதமும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கும் அந்த மருதான். வெட்டிட்டுப் பேசக் கூடாதும்பான். அதான் பேசாம இருந்தேன். இந்தத் தடவை அதுகூட இல்ல, சும்மா ஏமாத்தினேன்." சிவசைலத்தின் வாய் திறந்தது. பதிவறையின் வாசலில் நின்ற பழைய முகம் ஒரு கணம் அதில் வந்து போனதைக் குற்றாலிங்கம் பார்த்தார். போகட்டும். மருமகளைச் சொல்லி அழுத அம்மாள், "அடப்பாவி மனுசா, இவ்வளவு நேரம் உம்ம முன்னால உக்காந்து அழுதேனே" என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். யாரோ சிரித்தார்கள். சண்முகவடிவு சமையற்கட்டு வாசலில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். மாடத்தி மட்டும் இதில் எதையும் கேட்டமாதிரி தெரியவில்லை. அவர் வாயைத் திறந்ததுமே அவள் திரும்பிப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தாள், பேசியது பிள்ளையோ என்று. பிறகு மெதுவாக இவர் பக்கம் வந்தாள்.

"அய்யா, இது எம்பிள்ள சத்தம்லா" என்றாள். அவர் தலையசைத்தார். தலையசைப்பு பழகிப்போயிருந்தது, அது அவருக்கே எரிச்சலாக இருந்தது. "ஆமா" என்று வாயாலேயே சொன்னார். "உங்களுக்கு எத்தன வயசுல வந்துச்சு?" "நாலு." "இப்ப?" "அம்பத்திநாலு." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள், நரைத்த மீசையை, தொப்பையை, வேட்டியை, மூக்குக்கண்ணாடியை, சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி வெட்கமில்லாமல் பார்த்தாள். "அறுத்து எடுப்பாவளா?" "எடுப்பாங்க. மறுபடி வரும். மறுபடி எடுப்பாங்க." "எத்தன தடவ எடுத்தாவ?" இதோ வருகிறது என்று நினைத்தார். இந்த எண்ணைச் சொன்னதும் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள், கையை நெஞ்சில் வைப்பார்கள், அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுவார்கள். இவளும் அப்படித்தான் செய்வாள், பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடப்போகிறாள், ஓடினால் தாயத்துதான் கதி. பொய் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "முப்பத்தெட்டு" என்றார்.

"முப்பத்தெட்டு தடவையும் கண்ணு முழிச்சியளா?"

குற்றாலிங்கம் கணக்குப் பார்த்தார். மேஜையில் படுத்ததை எண்ணியிருக்கிறார், முகமூடி மூக்கின்மேல் இறங்கும்போது வருகிற வாடையை எண்ணியிருக்கிறார், அறுத்ததை, சுட்டதை, மறுபடி முளைத்ததையெல்லாம் நெல்மணியாக எண்ணி வைத்திருக்கிறார். எழுந்து வந்ததை ஒரு தடவைகூட எண்ணியதில்லை. வெளியே அவர் அம்மா உட்கார்ந்திருந்திருப்பாள், கண் முழித்துவிட்டான் என்று நர்ஸ் வந்து சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்திருப்பாள், அவள் அதைத்தான் எண்ணியிருப்பாள். ஏதோ சொல்ல வாயெடுத்தார், உதடு கோணிக்கொண்டு போயிற்று, இத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் அழுதார். "முழிச்சேன்" என்றார். மாடத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், சுருளைப் பிரித்து அவரிடமே நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா அந்த ஊருல வழி தெரியாது. நீங்களும் கூட வாங்க. உங்களப் பாத்துட்டே இருந்தாப் பிள்ள பயப்பட மாட்டா" என்றாள். சிவசைலம் சட்டையைச் சரி செய்துகொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார். குற்றாலிங்கம் தட்டைக் காலால் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு வாசல் பக்கம் நடந்தார். ஐந்தாறு எட்டு வைத்ததும் மூச்சு முட்டியது, நின்றார். இடுப்பில் இருந்த பிள்ளை கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்றரை மதுரை பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.